வண்டலில் கிடக்கும் மழைக்கணக்கு

2015 டிசம்பர் முதல் வாரத்தில் முடிச்சூர்ப் பக்கம் நம் வீட்டின் தரைத்தளத்தில் இடுப்பளவு ஏறிய வெள்ளம் வடிய நான்கு நாள்கள் ஆயின. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டவை நூல்கள். கீழ்த்தட்டு இரண்டிலும் இருந்த இலக்கண உரைகளும், மாணவப் பருவத்தில் மூர் மார்க்கெட்டு வாசலில் பேரம் பேசி வாங்கிய பழைய பதிப்புகளும் ஊறிப் பருத்துக் கிடந்தன. இரண்டாவதாகத்தான் தரையைப் பார்த்தோம். அறை முழுவதும் ஒரு விரற்கடைக் கனத்துக்கு வண்டல் படிந்திருந்தது. காலால் கீறினால் அடியில் நறநறவென்று மணல். அதன்மேல் சந்தனம் போல் வழுவழுத்த களி. எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய ஏடாகக் காய்ந்து சுருளும் சேற்றுத் தோல். துடைப்பமும் முறமும் கொண்டு இரண்டு நாள் வாரிக் கொட்டினோம். கொட்டியது என்ன என்பது பல மாதங்கள் கழித்து, ஏரிப் படிவுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பின்னரே புரிந்தது. வேகமாக வந்த நீர் கனத்த மணலை முதலில் இறக்கியது. தேங்கி நின்ற நீர் நுண்களியைப் பிறகு இறக்கியது. ஒரு வெள்ளம் தன்னைப் பற்றி எழுதி வைத்த குறிப்பைத்தான் நாம் முறத்தால் அள்ளித் தெருவில் எறிந்திருக்கிறோம்!

டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47. அடுத்த தெருவில் அன்றைக்கு எண்பதைத் தொட்டிருந்த பெரியவர் ஒருவர், "நாம பொறந்து வளந்து இப்படி ஒரு தண்ணியப் பாத்ததில்ல சார்" என்றார். அவர் பார்த்ததில்லை என்பது உறுதி. அவருடைய பாட்டனார், அவருக்கும் பாட்டனார் பார்த்ததில்லையா? வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு இக்கேள்வியைத் தட்டிவிட்டுப் போக இயலாது.

இந்தியாவிலேயே நீண்ட மழைப் பதிவேடுகளில் ஒன்று சென்னையுடையது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் இங்கு வானாய்வுக்கூடம் அமைத்தது. 1813 முதல் மழையளவு தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. இருநூறு ஆண்டுகள் என்பது மனித வாழ்நாளுக்குப் பெரிது. பருவமழையின் வாழ்நாளுக்கு ஒரு கண்சிமிட்டல். ஐந்நூறு ஆண்டுக்கு ஒருமுறை வருகின்ற வெள்ளம் ஒன்று உண்டென்றால், இருநூறு ஆண்டுப் பதிவேடு அதனை ஒருமுறைகூடக் கண்டிராமல் போகலாம்.

அதற்கு முந்தைய காலத்துக்கு நம்மைப் போன்ற தமிழாசிரியர்கள் உடனே கைநீட்டுவது இலக்கியத்தையும் கல்வெட்டையும்தான். இறையனார் களவியல் உரை பாண்டிநாட்டைப் பன்னீராண்டு வற்கடம் பீடித்த கதையைச் சொல்லித்தான் நூல் பிறந்த வரலாற்றைத் தொடங்குகிறது. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பரும் சம்பந்தரும் இறைவனிடம் காசு பெற்று அடியார்க்கு அமுது செய்வித்ததைப் பெரியபுராணம் கூறுகிறது. கல்வெட்டுகள் இன்னும் கறாரானவை. 1054-இல் ஆலங்குடி ஊரார் காலம் பொல்லாததாகிவிட, கோயிலின் பொன்னையும் வெள்ளியையும் கடனாகப் பெற்றார்கள். 1201-இல், மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சியில், திருப்பாம்புரத்து வேளாளர் ஒருவர் தம் இரு மகள்களோடு தம்மையும் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றுக்கொண்டார். இக்கல்வெட்டை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் சற்றுநேரம் யாரும் பேசுவதில்லை.

ஆனால் பஞ்சம் என்பது மழைமானி அன்று. மழை பொய்த்தும் பஞ்சம் வரும். மழை மிகுந்து பயிர் அழுகியும் வரும். போரினாலும், விலையேற்றத்தாலும், தானியம் வேறிடம் போவதாலும் வரும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தில் மழைப்பொய்ப்பு எவ்வளவு, ஆட்சியின் கொள்கை எவ்வளவு என்ற வழக்கு இன்றும் முடியவில்லை. அதிலும் மழையளவு கையில் இருக்கும்போதே இந்நிலை! களவியல் உரையின் 'பன்னீராண்டு' வானிலைக் குறிப்பா, கதைமரபில் வந்த எண்ணா என்பதை அவ்வுரையே தீர்த்துவைக்காது. சொல்லுக்கு வெளியே, மழையைத் தவிர வேறெவர்க்கும் கடன்படாத சாட்சி ஒன்று வேண்டும்.

அச்சாட்சி சேறு. ஏரியிலோ சதுப்பிலோ ஒவ்வொரு பருவத்திலும் நீர் கொண்டுவருவது அடியில் இறங்குகிறது. அடுத்த ஆண்டின் வரவு அதன்மேல் இறங்குகிறது. மேலே இருப்பது புதிது, கீழே இருப்பது பழையது என்ற எளிய விதியே முழுக்கலைக்கும் அடிப்படை. நீண்ட குழாயைச் செங்குத்தாக இறக்கிச் சேற்றுத்தூண் ஒன்றை உருவி எடுத்து, நெடுக்காகப் பிளந்து, மேலிருந்து கீழாகப் படிக்கிறார்கள். பெருமணல் அடுக்கு வேகமாக வந்த வெள்ளத்தைச் சொல்லும். கருங்களி, தேங்கிய நீரையும் அதில் மக்கிய இலைதழையையும் சொல்லும். நீர் சுண்டி உப்பானால் உப்புப் படிகங்கள் கிடைக்கும். கருகிய துகள்கள் காட்டுத்தீக்கோ காடழிப்புக்கோ சான்று.

இவை எல்லாவற்றினும் வியப்பளிப்பது மகரந்தம். கண்ணுக்குத் தெரியாத அத்தூளின் புறவோடு காற்றுப்புகாத சேற்றில் ஆயிரமாயிரம் ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். மணலைக் கரைக்கும் அமிலத்துக்கும் அசையாது. ஒவ்வொரு செடிக்குடும்பத்துக்கும் வடிவமும் புறவோட்டின் வேலைப்பாடும் தனித்தனி. எந்த அடுக்கில் எந்தச் செடி எத்தனை என்று எண்ணினால் அக்காலத்துக் காடும் கழனியும் மனக்கண்முன் வரும். சுவீடன் நாட்டு லென்னார்ட் வான் போஸ்ட் 1916-இல் இம்முறையை அறிஞர் அவையில் முன்வைத்தார். நம் நாட்டில் லக்னோவில் 1946-இல் தோன்றிய பீர்பல் சாஹ்னி நிறுவனமும், 1955-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் இதனை வளர்த்தன. புதுச்சேரியில் மகரந்தவியல் கூடத்தை நடத்திய கணபதி தணிகைமணி சென்னையில் பிறந்தவர். கடற்கரைச் சதுப்புக் காடுகளின் மகரந்தங்களை ஆராய்ந்தவர். 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட பான் அம் விமானத்தில் பயணியாக இருந்து உயிரிழந்தார். அலையாத்திக் காடுகளின் மகரந்தவியல் பற்றிய அவருடைய நூல் மறு ஆண்டில்தான் வெளிவந்தது. தமிழ் இலக்கிய வாசகர்களுள் எத்தனை பேருக்கு இப்பெயர் தெரியும் என்று எண்ணிப் பார்த்தால் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுக்குகளைப் படித்தால் மட்டும் போதாது. ஆண்டும் தெரிய வேண்டும். உயிர்ப்பொருள் இறந்தபின் அதிலுள்ள கார்பன்-14 சுமார் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. ஒரு விதையோ கரித்துண்டோ கிடைத்தால் ஐம்பதாயிரம் ஆண்டுவரை கணக்கிடலாம். அண்மைக்கால அடுக்குகளுக்கு வேறு கடிகாரங்கள் உண்டு. காற்றிலிருந்து ஓயாமல் படியும் காரீயம்-210, ஏறத்தாழ 22 ஆண்டில் பாதியாவதால், நூறு, நூற்றைம்பது ஆண்டுக்கு உதவும். சீசியம்-137 இயற்கையில் இல்லாதது. அணுகுண்டுச் சோதனைகளால் உலகெங்கும் தூவப்பட்டு 1963-ஐ ஒட்டி உச்சம் தொட்டது. ஆகவே அது மிகுந்திருக்கும் அடுக்கு அறுபதுகளின் தொடக்கம். யாரோ எங்கோ வெடித்த குண்டு நம் ஊர் ஏரிக்கு ஆண்டு குறித்துக் கொடுக்கிறது!

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இத்துறையின் புகழ்பெற்ற சான்று ஏரியிலிருந்து அன்று, அதன் உடன்பிறப்பான நீலகிரிச் சதுப்பிலிருந்து வந்தது. யானை ஆராய்ச்சியால் பெயர்பெற்ற இரா. சுகுமார், அகமதாபாத்து இயற்பியல் ஆய்வகத்தின் ஆர். ரமேஷ் முதலியோர் 1993-இல் 'நேச்சர்' இதழில் அதனை வெளியிட்டார்கள். யானை ஆராய்ச்சியாளர்க்குச் சதுப்பில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். யானை தின்றது மரத்தழையா புல்லா என்பதை அதன் எலும்பிலுள்ள கார்பன்-13 அளவைக்கொண்டு அறியும் முறையில் அவர்கள் முன்பே இறங்கியிருந்தனர். மரஞ்செடிகளும் நெல்லும் ஒளியை உணவாக்கும் வழி ஒன்று. வெப்பநாட்டுப் புற்களும் சோளம், கம்பு, கேழ்வரகு, கரும்பு போன்றவையும் கொண்ட வழி வேறு. இரண்டாம் வழியினவற்றில் கார்பன்-13 சற்றுக் கூடுதலாக இருக்கும். ஈரமான காலத்தில் முதல்வகைச் செடிகளும், வறண்ட காலத்தில் இரண்டாம் வகைப் புற்களும் ஓங்கும். யானையின் எலும்புக்குச் செய்த சோதனையையே நீலகிரியின் மக்கிய கரும்மண்ணுக்கும் செய்தார்கள். பனியூழியின் உச்சமான ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகட்கு முன் அம்மலை வறண்டிருந்தது. பனியூழி முடிந்தபோது மழை வலுத்தது. பின்னர்ச் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மறுபடியும் வறட்சி வந்தது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாவதைச் சிலப்பதிகாரத்தில் பயிற்றுவிக்கும் நாம், அத்திரிபு மலைமேல் மண்ணில் பதிந்திருப்பதை அறிந்தபோது அடைந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. அது இலக்கியத்துக்குச் சான்று என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டா. காலக்கணக்கு எங்கோ, காப்பியம் எங்கோ.

இப்படிப்பட்ட ஆசைக்கு வரலாற்றாளர் பலர் இரையாகியிருக்கின்றனர். இராஜஸ்தானத்து உப்பேரிகளில் மகரந்தம் எண்ணிய குர்தீப் சிங், 1971-இல், மழை மிகுந்த காலமே சிந்துவெளி நகரங்களை வளர்த்தது என்ற கருத்தை முன்வைத்தார். அழகான பொருத்தம்! பாடநூல்கள்வரை சென்றது. 1999-இல் லூன்கரன்சர் ஏரியின் படிவுகளை நுணுக்கமாகக் காலக்கணிப்புச் செய்தவர்கள், அரப்பா நகரங்கள் செழிக்கத் தொடங்குவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அந்த ஏரி வற்றிவிட்டது என்று கண்டனர். ஏரி மாறவில்லை, காலக்கணக்கு கூர்மையானதும் கதை மாறிவிட்டது.

இனிச் சோழர் காலத்துக்கு வருவோம். மராட்டிய மாநிலத்தில் விண்கல் விழுந்து உண்டான லோணார் ஏரியின் அடியிலிருந்து எடுத்த பத்து மீட்டர்ச் சேற்றுத்தூணைச் சுஷ்மா பிரசாத் தலைமையிலான குழு ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டது. சுமார் பதினோராயிரம் ஆண்டுக் கணக்கு. அதில் இரண்டு நெடுவறட்சிகள்: ஒன்று 4,600 முதல் 3,900 ஆண்டுகட்கு முன், மற்றொன்று 2,000 முதல் 600 ஆண்டுகட்கு முன். நீர் கடுமையாகச் சுண்டினால் மட்டும் விளையும் கெய்லுசைட் என்னும் படிகங்கள் அவ்வடுக்குகளில் கிடைத்தன. இரண்டாம் வறட்சியின் எல்லைகளைக் கவனியுங்கள். சங்ககாலத்தின் பெரும்பகுதியும், பல்லவரும், சோழர் அனைவரும் அதற்குள் அடங்கிவிடுகிறார்கள்! அப்படியானால் மாமன்னன் இராசராசன் வறட்சியிலா ஆண்டான்? வீரநாராயணப் பேரேரி வறட்சியிலா வெட்டப்பட்டது?

இங்கேதான் தாம்பரத்து வெள்ளம் நமக்கு ஆசிரியராகிறது. லோணாருக்கு மழை தருவது தென்மேற்குப் பருவம். நமக்கோ பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவம். பசிபிக் கடலில் எல் நினோ எழும்போது தென்மேற்குப் பருவம் பெரும்பாலும் மெலியும். வடகிழக்கு பெரும்பாலும் வலுக்கும். 2015 அதற்கு நல்ல உதாரணம். அவ்வாண்டு எல் நினோ மிக வலியது. நாடு முழுவதற்குமான தென்மேற்குப் பருவமழை இயல்பைவிட 14 விழுக்காடு குறைந்தது. மராட்டிய விவசாயி வானத்தை வெறித்துக்கொண்டிருந்த அதே ஆண்டின் முடிவில்தான் நம் நூல்கள் நீரில் மிதந்தன. அவ்வாண்டு லோணார்ச் சேற்றில் வறட்சி என்று பதிந்திருந்தால் முடிச்சூர்ச் சேற்றில் வெள்ளம் என்று பதிந்திருக்கும். இரண்டும் மெய்யே. ஆதலால் லோணாரை வைத்துத் தஞ்சையைப் படிப்பது, அயலூர்ப் பஞ்சாங்கத்தைக் கொண்டு நம் ஊரில் நாள் பார்ப்பதைப் போன்றது. ஆலங்குடியின் 1054-க்கும் திருப்பாம்புரத்தின் 1201-க்கும் துணைச்சான்று தேடுவோர் தமிழ்நாட்டுச் சமவெளியில், வடகிழக்கு மழை நிரப்பும் நீர்நிலைகளில்தான் தேட வேண்டும். தென்மேற்கின் கணக்கேடு தடித்தது; வடகிழக்கின் கணக்கேடு இன்னும் மெலிந்தே இருக்கிறது.

நீர்நிலைக்கா நம் பக்கம் பஞ்சம்? சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என ஒன்றன் கலங்கல் அடுத்ததன் வரத்தாகப் பள்ளிக்கரணைச் சதுப்பில் போய் முடியும் தொடர் ஒருபுறம். இருப்புப்பாதைக்கு மேற்கே அடையாற்றில் கலக்கும் முடிச்சூர்ப் பக்கத்து ஏரிகள் மறுபுறம். மாடம்பாக்கத்தில் ஏரியும், தூங்கானை மாட விமானம் கொண்ட சோழர் காலத் தேனுபுரீசுவரர் கோயிலும் ஒரே ஊரில் நிற்கின்றன. ஆனால் ஏரியைக் கண்டவுடன் குழாயை இறக்கிவிட முடியாது என்பதை இத்துறை அறிந்த நண்பர் ஒருவர் நமக்குப் பொறுமையாக விளக்கினார்.

நம் ஏரி இயற்கை ஏரி அன்று. கரை கட்டி நிறுத்திய நீர். ஆகவே கரையின் வயதுக்கு மேல் அதன் வண்டலுக்கு வயது இராது. கோடையில் வற்றி, வெடித்து, வெடிப்புக்குள் மேல்மண் விழுந்து அடுக்குகள் கலந்துவிடும். காற்றுப்பட்ட மகரந்தம் சிதையும். மாடு மிதிக்கும், உள்வாயில் வெள்ளரி போடுவார்கள். கரை உடைந்தால் சில நூற்றாண்டு வண்டல் ஒரே இரவில் போய்விடும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, நம் முன்னோர் தூர்வாரினார்கள். முதலாம் பராந்தகனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்துக்கு உறுப்பினர் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்வதை அனைவரும் அறிவர். ஏரியில் மண் வாரிக் கரையில் இடுவதற்கென்றே விடப்பட்ட நிவந்தங்களும், ஓடம் வைத்து மண்ணெடுத்த செய்திகளும் தமிழகக் கல்வெட்டுகளில் உண்டு. வாரியம் தன் கடமையைச் செவ்வனே செய்த ஊரில் படிவு கிடைக்காது. செய்யத் தவறிய ஊரில்தான் கிடைக்கும். நல்ல நிர்வாகம் வரலாற்றாளனுக்குப் பகை என்பது ஒரு வேடிக்கை!

எனினும் ஏரி வண்டல் வீண் அன்று. கர்நாடகத்தில் ஹம்பிக்கு அருகே, விஜயநகர காலத்துக் கமலாபுரம் ஏரியின் சேற்றில் மகரந்தத்தையும் நுண்கரியையும் எண்ணி, அப்பகுதியின் அறுநூறாண்டுத் தீயின் வரலாற்றை அமெரிக்கத் தொல்லியலாளர் காத்லீன் மாரிசன் 1994-இல் எழுதினார். அங்கே பதிந்திருப்பது மழை மட்டுமன்று. மனிதர் எரித்தது, உழுதது, மேய்த்தது எல்லாம். மழையையும் மனிதனையும் பிரித்தெடுப்பது கடினம் என்பது வானிலை ஆய்வாளருக்குக் குறை. வரலாற்று மாணவனுக்கு அதுவே கொடை அன்றோ?

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்தது. வெள்ளம் வந்து நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. அக்கோடையில் தாம்பரத்துக்குக் கிழக்கே ஓர் ஏரியில் தூர்வாரும் வேலை நடந்தது. பொக்லைன் வெட்டிய குழியின் சுவர் ஆளுயரத்துக்கு நின்றது. மாணவர் நால்வரோடு போய் இறங்கிப் பார்த்தோம். மேலே முழங்கையளவுக்குப் பிளாஸ்டிக் பைகளும் சாக்கடைக் கருமையும். அதன்கீழ்ச் சாம்பல்நிறக் களி. நடுவே வெள்ளைக்கோடு போல் மணல். அதற்கும் கீழ் நத்தை ஓடுகள் பொதிந்த களி. அடியில் பல்லாவரம் பக்கத்துச் சிவந்த சரளை. 1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்ததும் இத்தகைய செஞ்சரளையில்தான் என்று சொன்னதும், மாணவன் ஒருவன் குனிந்து கல் தேடத் தொடங்கிவிட்டான். நமக்குக் கண் அந்த மணற்கோட்டில் இருந்தது. எந்த ஆண்டின் வெள்ளம் அது? கரை உடைப்பா, புயலா?

தூர்வாருவதை நாம் எதிர்க்கவில்லை. வெள்ளம் புகுந்த வீட்டில் இருந்துகொண்டு எப்படி எதிர்ப்பது? ஏரி ஆழமானால்தான் ஊர் பிழைக்கும். ஆனால் அள்ளுமுன் ஒரு குழாயளவு சேற்றை உருவி வைத்துக்கொள்ள அரைநாள் போதும். அன்று டிப்பர் லாரிகள் வரிசையில் நின்று சவுடு ஏற்றிக்கொண்டிருந்தன. மனைகளை மேடாக்கப் போகிறது என்றார் ஓட்டுநர். எத்தனை நூற்றாண்டு என்று தெரியாத அடுக்குகள் மாலைக்குள் தலைகீழாகி ஏதோ ஒரு வீட்டின் அடித்தளத்துக்குள் போய்விடும்.

பள்ளிக்கரணையே நம் பக்கத்தில் எஞ்சியிருக்கும் ஆழமான நம்பிக்கை. அது கரை கட்டிய ஏரி அன்று, இயற்கைச் சதுப்பு. ஒரு காலத்தில் பல்லாயிரம் ஏக்கரில் விரிந்து கிடந்தது. சாலையும் கட்டடங்களும் குப்பைமேடும் தின்றது போகச் சுருங்கி நிற்கிறது. 2022-இல் 1,247 ஹெக்டேருக்கு ராம்சர் தகுதி கிடைத்தது. பறவைகளுக்காகக் கிடைத்த காப்பு அடியிலுள்ள களிக்கும் சேர்ந்தே கிடைத்திருக்கிறது என்று கொள்ளலாம்.

அன்றைக்குக் குழிச்சுவரில் அரைமீட்டர் பி.வி.சி. குழாயை மரக்கட்டையால் அடித்து இறக்கி, மணற்கோடும் நத்தையோடும் அடங்கிய ஒரு தூணை எடுத்துக்கொண்டோம். மேல் எது, கீழ் எது என்று மார்க்கர் பேனாவால் குறித்து, இரு முனையையும் பாலித்தீனால் கட்டினோம். காலக்கணிப்புக்கு ஆகும் செலவு ஒரு தமிழ்த்துறைக்குத் தாங்கக்கூடியதன்று. துறை அலமாரியில், நனைந்து காய்ந்த நன்னூல் உரைப் பிரதி ஒன்றின் பக்கத்தில், அக்குழாய் படுத்திருக்கிறது. புதிதாகச் சேரும் மாணவர்கள் அது என்னவென்று கேட்கிறார்கள்.